ஓசி டீயின் கணக்கு

1974இல் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பா டீக்கடை போட்டார். திறப்பு நாளன்று எல்லாருக்கும் டீ இலவசம். பாய்லரைச் சுற்றி ஒரே கூட்டம். மதியத்துக்குள் இரண்டு தடவை பால் வாங்கியாயிற்று. மறுநாள் அதே ஆட்கள் எதிர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கடைசிவரை அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்பாவை மட்டும் சொல்லி என்ன செய்ய? நாட்டுக்கே டீ பழகியது ஓசியில்தான். அதற்கு முன் நம்மூரில் காலையில் நீராகாரம், வசதியுள்ள வீட்டில் காப்பி. அசாமிலும் நீலகிரியிலும் விளைந்த தேயிலை பெரும்பாலும் கப்பலேறிப் போனது. 1903இல் தோட்ட முதலாளிகளே கேட்டு, ஏற்றுமதித் தேயிலைமேல் தீர்வை போட வைத்தார்கள். வைஸ்ராய் கர்சன் காலம். அந்தப் பணம் விளம்பரத்துக்கு. முதல் உலகப்போர் சமயத்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீக்கடை வைத்தார்கள். வடக்கே ரயில் சந்திப்புகளில் சில்லறை வியாபாரிகளுக்குக் கெட்டிலும் குவளையும் கொடுத்தார்கள்.

1930களில்தான் உண்மையான வேகம். உலக விலை சரிந்து கிடந்தது. 1933 சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியது. தேங்கிய சரக்கை உள்ளூரில்தான் தள்ள வேண்டும். விளம்பர ஆட்கள் தெருத்தெருவாக வந்து டீ போட்டுக் காட்டி, குடிக்கக் கொடுத்தார்கள். கூடவே காலணாப் பொட்டலம். நம் ஜனங்கள் பாலையும் சர்க்கரையையும் அள்ளிப்போட்டுத் தூளைக் குறைத்தது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அப்பா பிழைத்ததே அந்தக் குறைத்த தூளில்தான், அது வேறு விஷயம்.

தீர்வை கட்டாயமாக இருந்ததுதான் சூட்சுமம். விருப்பமிருந்தால் கொடு என்று விட்டிருந்தால், ஒருத்தன் ஊருக்கு ஊற்றிப் பழக்க, இன்னொருத்தன் உட்கார்ந்து விற்றிருப்பான், எங்கள் எதிர்க்கடைக்காரர் மாதிரி. கப்பலேறிய ஒவ்வொரு பவுண்டுக்கும் எல்லாரும் கட்டியதால், கை மாறி எவன் விற்றாலும் நட்டமில்லை. பலன் வரப் பல வருஷம் பொறுக்கவும் முடிந்தது. இன்று இந்தியாவில் விளையும் தேயிலையில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கை நாமே குடிக்கிறோம். அப்பாவுக்கோ மறுநாள் காலையிலேயே பால்காரர் வந்து நின்றார்.

பிறகு அப்பா டீயை ஓசியில் கொடுத்ததே இல்லை. வடைக்குச் சட்னி மட்டும் கேட்டபோதெல்லாம் ஊற்றுவார். தேங்காய் விலை ஏறிய மாதங்களில் சட்னி ரசம் மாதிரி ஓடும். யாரும் கேட்டதில்லை, காசு வாங்காத சாமானைப் பற்றி எப்படிக் கேட்பது?