ஒன்வே: சுற்றிப் போவது யார்?

ஒரு தெருவை ஒன்வே ஆக்கலாமா, ஏற்கெனவே ஒன்வேயாக இருப்பதைத் திரும்ப இருவழியாக்கலாமா என்ற பேச்சு எழுந்தால் போதும், ஊர் இரண்டு கட்சியாகிவிடும். கடைக்காரர் வியாபாரம் படுத்துவிடும் என்பார். ஆட்டோக்காரர் சவாரிக்கு அரை கிலோமீட்டர் கூடுகிறது, கூடுதல் காசு கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள் என்பார். குடியிருப்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இருக்காது. முதல் வீட்டுக்காரருக்கு நிம்மதி, கடைசி வீட்டுக்காரருக்குச் சுற்று. சத்தமெல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால், எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: சுற்றிப் போவது நானா, நீயா?

இந்தச் சண்டை மோட்டார் வண்டியோடு வந்ததல்ல. அதைவிட மிகப் பழையது. இதன் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் நம்ம கரிசல் பக்கத்து மாட்டுவண்டி. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், பருத்தி வெடிக்கும் காலத்தில் சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து பொதி ஏற்றிய வண்டிகள் கோவில்பட்டிக்கு வரிசை கட்டி வரும். பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும். குறுகலான தெருவில் இப்படி இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வந்துவிட்டால் கதை கந்தல். காரைப் போல ரிவர்ஸ் எடுக்க மாட்டுக்குத் தெரியாது. ஒருவர் மாட்டை அவிழ்த்துவிட்டு, நாலு பேர் சேர்ந்து நுகத்தடியைப் பிடித்து வண்டியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். யார் அவிழ்ப்பது என்பதில்தான் தகராறு. பாரவண்டிக்கு வெறுவண்டி ஒதுங்க வேண்டும் என்பது பொதுவான நியாயம். இரண்டும் பாரமாக இருந்தால் வாய்ச் சவடால்தான் தீர்ப்பு. அதனால் "இந்தத் தெரு வழியாகப் போ, அந்தத் தெரு வழியாக வா" என்று வண்டிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பழக்கம் வைத்துக்கொள்வார்கள். எந்தப் பலகையும் கிடையாது.

இத்தாலியில் பாம்பேய் என்றொரு நகரம் இருந்தது. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ஊர். அதைத் தோண்டி எடுத்த தொல்லியல் அறிஞர்கள், தெருக் கற்களில் வண்டிச் சக்கரம் அறுத்த தடங்களையும், முனைகளில் ஓரக்கல் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதையும் அளந்து பார்த்தார்கள். பல குறுகிய தெருக்களில் வண்டிகள் ஒரே திசையில்தான் ஓடியிருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். சில தெருக்களில் அந்தத் திசை பிற்காலத்தில் மாற்றப்பட்டதற்கும் தடயம் உண்டு. ஆக, சுமார் 2000 வருடங்களுக்கு முன்பே "திசையை மாற்றலாமா" என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நம் ஊர்களில் ஒன்வே என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தேர்தான். மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று கோவிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள். சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிகளில் வலமாகச் சுற்றி வரும். இடமாகத் தேர் இழுப்பார் உண்டா? நம்ம செண்பகவல்லி அம்மன் தேரும் வலமாகத்தான் வரும். சாமிக்கு ஒன்வே, ஆனால் அதே வீதியில் மனிதர்கள் எப்படியும் போகலாம், வரலாம். தேர் வலம் வந்தால் எல்லா வீட்டு வாசலுக்கும் சாமி வரும். யாருக்கும் நஷ்டமில்லை. வண்டிக்கான ஒருவழி அப்படியல்ல. ஒருவர் வாசலில் இருந்த நெரிசலைத் தூக்கி இன்னொருவர் வாசலில் வைக்கும்.

மோட்டார் காலத்துக்கு வருவோம். அமெரிக்க நகரங்களில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்கள் பெருகின. அலுவலகம் நகரத்தின் நடுவில், வீடு புறநகரில். காலையிலும் மாலையிலும் கார்களை வேகமாக உள்ளே கொண்டுவரவும் வெளியே அனுப்பவும், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களை ஜோடி ஜோடியாக ஒன்வே ஆக்கினார்கள். ஒன்று போக, ஒன்று வர. நியூயார்க்கில் பெயர்பெற்ற ஐந்தாம் அவென்யூவும் மேடிசன் அவென்யூவும் 1966-இல் இப்படி மாறின. கணக்குப்படி இது சரிதான். இரண்டு இருவழிச் சாலைகள் வெட்டிக்கொள்ளும் ஒரு நாற்சந்தியில் வண்டியும் வண்டியும் உரச வாய்ப்புள்ள புள்ளிகள் 32 என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒருவழியானால் அது வெகுவாகக் குறைந்துவிடும். சிக்னல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை விழும்படி அமைக்கலாம்.

பிறகு என்ன ஆயிற்று? எதிரே வண்டி வராது என்ற தைரியத்தில் வேகம் கூடியது. அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்களுக்குத் தங்கள் வாசல் நெடுஞ்சாலை ஆகிவிட்ட உணர்வு. கடைகளைக் கண்ணால் பார்த்து நிறுத்துவதற்குள் வண்டி தாண்டிப் போய்விடும். எனவே பல ஊர்களில் ஒருவழிகளைத் திரும்பவும் இருவழியாக்கும் இயக்கம் கிளம்பியது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், புரூக் தெரு, முதல் தெரு என்ற இரண்டைக் குடியிருப்பவர்களின் கோரிக்கைக்குப் பிறகு 2011-இல் இருவழியாக்கினார்கள். பக்கத்துத் தெருக்கள் ஒருவழியாகவே இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகப் போயிற்று. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். விபத்துகள் ஒரு தெருவில் 36 சதவீதமும், மற்றதில் 60 சதவீதமும் குறைந்திருந்தன. குற்றங்கள் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. வீட்டு மதிப்பும் உயர்ந்தது.

இதைப் படித்துவிட்டு "அப்போ எல்லாத் தெருவையும் இருவழியாக்கிடுவோம்" என்று கிளம்பிவிடக் கூடாது. அங்கே தெரு அகலம், நடைபாதை உண்டு, ஆள் குறைவு. வேகம்தான் அங்கே நோய். நம் கடைத்தெருவில் நோய் வேறு. பாதித் தெருவை நிறுத்திவைத்த பைக்குகள் எடுத்துக்கொள்ளும். மீதியில் தள்ளுவண்டி, லோடு இறக்கும் மினிலாரி, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நம்மைப் போலக் கிழடுகள். இதில் இரண்டு திசையிலும் வண்டி விட்டால் மாட்டுவண்டிக் காலத்துத் தகராறுதான், என்ன, இப்போது ஹாரனோடு. வயசாளிக்கு ஒரே பக்கம் பார்த்துத் தெருவைக் கடப்பது எவ்வளவு ஆறுதல் என்பது வயசாளிக்குத்தான் தெரியும். அதாவது, எல்லாரும் ஒன்வேயை மதித்தால்.

கொல்கத்தாக்காரர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். அங்கே பல சாலைகள் காலையில் ஒரு திசைக்கு ஒன்வே, பிற்பகலில் அதற்கு நேர் எதிர்த்திசைக்கு ஒன்வே. காலையில் அலுவலகம் போகும் கூட்டத்துக்கு ஒரு வசதி, மாலையில் திரும்பும் கூட்டத்துக்கு மறு வசதி. புதிதாகப் போகிறவருக்குத் தலை சுற்றும். ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது: சுற்றிப் போகும் பாரத்தை ஒரே தரப்பின் தலையில் நிரந்தரமாக வைக்கவில்லை.

நம் மாநிலத்தில் இந்த விஷயத்தில் நாம் மறக்கக் கூடாத பாடம் சென்னை அண்ணா சாலை. மெட்ரோ ரயில் சுரங்கப் பணிக்காக 2012 வாக்கில் அண்ணா சாலையின் ஒரு பகுதியை ஒருவழியாக்கினார்கள். வண்டிகள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, ஒயிட்ஸ் ரோடு என்று ராயப்பேட்டைப் பக்கத்துச் சாலைகளில் சுற்றிப் போயின. தற்காலிகம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடுவில் ஒப்பந்த நிறுவனம் வேலையை விட்டுப்போய்ப் பணி தடைபட்டது. 2017 ஏப்ரல் 9 அன்று சாலையே உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. படம் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். 2019 பிப்ரவரி 10-இல் ஏஜி டிஎம்எஸ் முதல் வண்ணாரப்பேட்டை வரை சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. மேலே சாலை பழையபடி இருவழியானதோ 2020 தொடக்கத்தில்தான். ஏறக்குறைய எட்டு வருடம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கும். சுரங்கம் தோண்ட இடம் வேண்டும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எட்டு வருடம் என்பது ஒரு கடை நொடித்துப்போகவும், சுற்றுவழித் தெருவில் புதிதாக ஒரு கடைவீதி முளைக்கவும் போதுமான காலம். தற்காலிகம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தேதி இல்லாவிட்டால் அது நிரந்தரத்தின் இன்னொரு பெயர்.

இன்னொரு தரப்பு இருக்கிறது. அவர்கள் கூட்டத்துக்கு வந்து பேசுவதில்லை. அவர்கள்தான் பஸ் பயணிகள். ஒன்வே ஆனால் பஸ் போவது ஒரு தெரு, வருவது வேறு தெரு. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பாட்டி, மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அடுத்த தெருவுக்கு நடந்துபோய் நிற்க வேண்டும். பைக்காரருக்கு அரை கிலோமீட்டர் ஒரு நிமிடம். பாட்டிக்கு அது கால் மணி நேரம், வெயில் வேறு. பாதை மாறினால் பயணி நிற்கும் இடமும் மாறும் என்பது நமக்குப் புதிதல்ல. மதுரை–திருநெல்வேலி நான்கு வழிச் சாலை ஊருக்கு வெளியே போய், அங்கே கூடுதல் பேருந்து நிலையமும் வந்த பிறகு, "இந்தப் பஸ் ஊருக்குள்ளே போகுமா?" என்று கேட்டுக்கொண்டே ஏறாத கோவில்பட்டிக்காரர் யார்?

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. மக்கள் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ, அல்லது சாலையின் தன்மை கருதியோ, குறிப்பிட்ட இடத்தில் வண்டிகளுக்குத் தடையோ கட்டுப்பாடோ விதிக்க மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் உரிமை உண்டு. அதை அரசிதழில் வெளியிட வேண்டும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் தேவையில்லை, உள்ளூரில் முடிந்த அளவு விளம்பரம் செய்தால் போதும். இந்த ஒரு மாதச் சலுகை பொதுவாகத் திருவிழாவுக்கும் பாலம் வேலைக்கும் பயன்படுகிறது. இதையே வெள்ளோட்டமாகவும் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். ஒரு மாதம் மாற்றிப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், மாற்றிய பின் ஒரு வாரம் எண்ணுங்கள்: சந்தியில் எத்தனை வண்டி, எத்தனை உரசல், சுற்றுத்தெருவில் எத்தனை வண்டி கூடியது, பஸ் பயணி எவ்வளவு தூரம் நடக்கிறார். எண்ணுவதற்குப் பெரிய நிபுணர் வேண்டாம், கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் போதும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதித்த திசைக்கு எதிராக வண்டி ஓட்டுவது 184-ஆவது பிரிவில் அபாயகரமான ஓட்டுதலாகச் சேர்ந்துவிட்டது. முதல் தடவைக்கே 1000 முதல் 5000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. இவ்வளவு கடுமை இருந்தும் நம் ஊர்களில் எதிர்த்திசையில் வருகிறவர்கள் குறையவில்லை. எல்லோரும் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. கேட்காமல் போட்ட ஒன்வே, காரணம் புரியாத ஒன்வே, அடுத்த திருப்பம் அநியாயத்துக்குத் தூரமாக இருக்கும் ஒன்வே, இவற்றை ஜனங்கள் மனதுக்குள் ஏற்றுக்கொள்வதில்லை. பலகை இரும்பில் இருந்தாலும் ஒப்புதல் மனதில்தான் இருக்க வேண்டும். பொதிவண்டிக்காரர்கள் பலகை இல்லாமலே திசை பார்த்து ஓட்டியதற்குக் காரணம், அந்த ஏற்பாட்டை அவர்களே பேசி வைத்துக்கொண்டதுதான்.

ஆகவே, உங்கள் தெருவில் இந்தப் பேச்சு வந்தால், ஒருவழியா இருவழியா என்று உடனே கட்சி கட்டாதீர்கள். எத்தனை நாளைக்கு என்று தேதி கேளுங்கள். எந்தத் தெருவுக்கு நெரிசல் போகிறது என்று கேட்டு, அந்தத் தெருக்காரர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். பஸ் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். வண்டி வைத்திருப்பவர்கள் தங்களுக்காகப் பேசிக்கொள்வார்கள். நடந்து போகிறவருக்காக ஒருவராவது எழுந்து பேச வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது, நாம்தான் பேசலாமே.