கூலன்ட் கசிவு: பழைய லாரி எஞ்சின்களில்

டீசல் லாரியின் எஞ்சினில் சிலிண்டர்களைச் சூழ்ந்தோடி, அவற்றின் உஷ்ணத்தை வாங்கி ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிடும் திரவம், தன் மூடிய பாதையை விட்டு வெளியேயோ எஞ்சினுக்குள்ளேயோ ஒழுகிக் குறைவதே கூலன்ட் கசிவு எனப்படும். வெளிக்கசிவு விறைத்து வெடித்த ஹோஸ், தளர்ந்த கிளிப், எஞ்சின் பிளாக்கின் வார்ப்புத் துளைகளை மூடும், துருவேறிய கோர் பிளக் ஆகியவற்றில் தோன்றும். வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரத்தில் நீர் சொட்டுமாயின் உள்ளேயுள்ள சீல் ஜீர்ணமாகிவிட்டதென்று அறியலாம். அத்துவாரத்தை அடைப்பது பெரும்பிழை. நீர் பேரிங்கைச் சேர்ந்து பம்பையே அழித்துவிடும்.

உட்கசிவே விசேஷ கவனத்துக்குரியது. நீர் நேராகத் தொட்டு நிற்கும் சிலிண்டர் உட்குழலான ஈர லைனர் பொருந்திய எஞ்சினில், லைனரின் கீழ்ப்புற ரப்பர் வளையங்கள் நைந்தாலும், லைனரின் அதிர்வால் நீரில் தோன்றி உடையும் நுண்குமிழிகள் அதன் சுவரை அரித்துத் துளைத்தாலும், நீர் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் இறங்கி ஆயிலைப் பால் கலந்த காப்பி நிறமாக்கும். சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் எரிந்திருப்பின் ரேடியேட்டர் வாயில் இடையறாது குமிழிகள் எழுவதும், எஞ்சின் சூடேறிய பின்னும் சைலன்சரில் வெண்புகை நிற்காதிருப்பதும் அதற்கு லக்ஷணங்கள்.

கசிவைக் கண்டறிய, எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூட்டில் திறந்து முகம் வெந்தவர் உண்டு), மூடியில் பொறித்துள்ள அழுத்தத்தைக் கைப்பம்பினால் ஏற்றி, மானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பதே உத்தமமான பரிசோதனை. ஆயிலை வடித்துச் சம்பைக் கழற்றிவிட்டு இதையே செய்து கீழிருந்து நோக்கினால், எந்த லைனர் ஒழுகுகிறதென்பது பிரத்தியட்சமாகும். கேஸ்கட் மாற்றுகையில் ஹெட்டின் தளம் வளையாதிருப்பதை நேர்விளிம்பால் சோதித்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக முறுக்கவேண்டும். கசிவடைக்கும் தூள்கள் ரேடியேட்டரின் குழல்களையும் அடைத்துவிடக்கூடுமாதலால், வழியில் நின்ற லாரியை ஊர் சேர்ப்பதற்கன்றி வேறெதற்கும் ஏற்றவையல்ல.