ஆனையிறவில் எது கடந்தது? வன்னியின் புகையிரதப் பாதையை மீள வாசித்தல்

இலங்கையின் வீதிகளையும் புகையிரதப் பாதைகளையும் ஆராயப் புகுவோர் இந்திராணி முனசிங்கவின் நூலைத் தாண்டிப் போக முடியாது. 1800 முதல் 1905 வரையான போக்குவரத்தைக் குடியேற்றவாதப் பொருளாதாரத்தோடு பிணைத்து வாசித்த அவருக்கு நானும் கடமைப்பட்டவன். ஆயினும் நூல் நின்றுவிடும் ஆண்டோடு எனக்கு உடன்பாடில்லை. 1905 ஆகஸ்ட் 1இல் வடபாதை முழுமை பெற்றது. கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு அது பொருத்தமான எல்லை. கிளிநொச்சியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஆண்டில் எதுவும் முடியவில்லை.

பாதை போடப்பட்ட ஒழுங்கே இதைக் காட்டுகிறது. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம், சாவகச்சேரி, பளை வரையான பகுதிகள் 1902இலேயே திறக்கப்பட்டன. தெற்கிலிருந்து வந்த பாதை 1904இல் அநுராதபுரத்தை எட்டியது. வன்னிக் காடு இரண்டுக்கும் நடுவே கடைசியாக நிரப்பப்பட்ட இடைவெளி. யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கொழும்போடு சேர்ப்பதே நோக்கம். வன்னி வழியில் கிடந்தது. 1905ஐ எல்லையாகக் கொண்டால், தண்டவாளம் ஊடறுத்த நிலமெல்லாம் அன்றே இணைக்கப்பட்டுவிட்டதாகப் பொருள்படும். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டமோ 1936இல்தான் வந்தது. இடையிலான 31 ஆண்டுகளை விளக்காமல் 'புகையிரதம் பெற்ற ஊர்' என்று கிளிநொச்சியைச் சொல்வது தகாது. அந்த இடைவெளியில் நடந்த பெருவேலை இரணைமடுக் குளம். 1920ஐ ஒட்டிக் கனகராயன் ஆறு குளமாகத் தேங்கிய பின்னரே வயலும் குடியும் பெருக வழி பிறந்தது. கோச்சி நெல்லையும் ஆட்களையும் ஏற்றி இறக்கியதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்களை அங்கே தங்கவைத்தது தண்ணீர்.

1905க்கு முன்னரும் வன்னி மூடிக் கிடக்கவில்லை என்பதற்கு ஒரு சொல்லைச் சாட்சியாக வைக்கிறேன்: குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையே நீரேரி கிடக்கும் ஆனையிறவு. யானைகள் கடலுக்குள் 'இறங்கிய' இடம் என்றும், 'இறந்த' இடம் என்றும் விளக்கம் சொல்வதுண்டு. இறங்கு என்பதிலிருந்து இறக்கம் வரும், இறவு வராது. துற துறவாவதுபோல், உறு உறவாவதுபோல், இறவு என்பது 'இற' என்ற வினையின் பெயர். அவ்வினைக்குச் சாதல் பிற்பட்ட பொருள், கடத்தலே பழம்பொருள். பாலைவழியைக் கடந்து போவதைச் சங்க அகப்பாடல்கள் இறத்தல் என்றே சொல்கின்றன. அப்படியானால் ஆனையிறவு யானைகள் கடக்கும் துறை. வன்னியர் யானைகளைத் திறையாகக் கொடுத்ததும், ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைத்துறை என்று அழைத்ததும் இதற்கு அரண். வன்னிக் காட்டிலிருந்து குடாநாட்டுத் துறைமுகத்துக்குப் போகும் வழி, ஆழங்குறைந்த இந்தக் கடல்நீரேரியை மிதித்தே போயிருக்க வேண்டும். இப்பெயர் எந்த நூற்றாண்டினது என்பதைச் சொல்லமைப்பு மட்டும் தீர்க்காது. சாதற்பொருளையும் முற்றாகத் தள்ள இயலவில்லை. எனினும் தாம்போதியும் தண்டவாளமும் பழைய கடவையின் மேலேயே அமைந்தன என்பதே என் துணிபு.

1905 மறைக்கும் இன்னொன்று, கிழக்கு மேற்குப் போக்குவரத்து. முல்லைத்தீவுக்குப் புகையிரதம் வரவேயில்லை. மாங்குளத்திலோ பரந்தனிலோ இறங்கி வீதியால் போகவேண்டும். பரந்தன் வீதியால் போனால், நந்திக்கடலோரத்து வட்டுவாகல் பாலத்தைத் தாண்டியே முல்லைத்தீவு. மேற்கே பூநகரியார் கேரதீவுக்குப் போக, மக்கள் 'பாதை' என்றழைத்த மிதவையை நம்பியிருந்தனர். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. வன்னிக்குள் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கடவைகளும் தண்டவாளத்துக்கு இணையான முதன்மை உடையவை.

1990 ஜூனில் போரால் வன்னியூடான புகையிரத சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2013 செப்டம்பர் 14இல் கிளிநொச்சிக்கு மீண்டும் புகையிரதம் வந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகளிலும் ஊர் இருந்தது என்று சொல்லி என் வாதத்தை முடிப்பது எளிது. ஆனால் அதே ஆண்டுகளில் சனம் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தது. போர் பறித்ததையும், கோச்சி இல்லாமையால் இழந்ததையும் தனித்தனியே நிறுக்க முடியாது. ஆகவே 1905க்குப் பதிலாக வேறோர் ஆண்டை நான் நிறுத்தவில்லை. யானை கடந்த நீரேரி, தேக்கிய ஆறு, மிதவை, பாலம் ஆகியவற்றைத் தண்டவாளத்தோடு ஒரே வரலாறாக எழுதவேண்டும் என்றே கேட்கிறேன்.