எஃப்.டி.ஓ. மரபணு

எஃப்.டி.ஓ. மரபணு என்பது மனிதரின் 16ஆம் நிறப்புரியில் (குரோமோசோம்) அமைந்துள்ள ஒரு மரபணு ஆகும். இதில் காணப்படும் சில வேறுபாடுகள் உடற்பருமனுடனும் இரண்டாம் வகை நீரிழிவு நோயுடனும் தொடர்புடையவை.

கண்டுபிடிப்பு

2007ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் நீரிழிவுக்குரிய மரபணு வேறுபாடுகளைத் தேடியபோது இத்தொடர்பு வெளிப்பட்டது. உடல் நிறைச் சுட்டெண்ணைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது நீரிழிவுடனான தொடர்பு மறைந்தது. எனவே இவ்வேறுபாடு உடல் எடையைக் கூட்டுவதன் வழியாகவே நீரிழிவு வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது என அவர்கள் முடிவு செய்தனர்.

விளைவு

ஒவ்வொருவரும் இம்மரபணுவின் ஒரு படியைத் தாயிடமிருந்தும் மற்றொன்றைத் தந்தையிடமிருந்தும் பெறுகின்றனர். அவ்வாய்வில், இரு படிகளிலும் இவ்வேறுபாட்டைக் கொண்டிருந்த வயதுவந்தோர், அது அறவே இல்லாதோரை விடச் சராசரியாக 3 கிலோகிராம் கூடுதல் எடையுடன் இருந்தனர். ஐரோப்பியரில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் இவ்வகையினர்.

உடலுழைப்பின் பங்கு

இவ்வேறுபாட்டைக் கொண்ட அனைவரும் பருமனாவதில்லை. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரின் தரவுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வின்படி, இவ்வேறுபாட்டினால் உடற்பருமன் கூடும் அளவு, உடலுழைப்பு உடையோரிடம் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆகவே மரபணு ஒரு சாய்வை மட்டுமே தருகிறது. உடல் எடையை அது மட்டும் தீர்மானிப்பதில்லை.