திமிங்கிலத் தகடும் பிரம்பும்: கவச வாள்விளையாட்டின் மூலம் எது?

இடைக்கால ஐரோப்பிய வாட்போரைப் பற்றி எழுதப் புகுகிறவர் எவரும் எகர்ட்டன் காஸிலைத் தொடாமல் கடக்க முடிவதில்லை. 1885இல் வெளிவந்த ‘ஸ்கூல்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ் ஆஃப் ஃபென்ஸ்’ என்ற நூலில் அவர் முன்வைத்த வாதம் எளிமையானது. அதனாலேயே நீண்ட ஆயுள் பெற்றது. கவசம் தடிக்கத் தடிக்க வாள் கனத்தது. கனத்த வாளை ஓங்கி இறக்கும் தோள்வலியே வெற்றியைத் தீர்மானித்தது. தற்காக்கும் வேலையைக் கவசம் ஏற்றுக்கொண்டதால் கைக்கு நுட்பம் தேவைப்படவில்லை. வெடிமருந்து வந்து கவசம் கழன்ற பிறகே வாள்வித்தை ஒரு கலையாக உருப்பெற்றது என்பது அவர் முடிவு. இன்று கவசம் அணிந்து பிரம்பு வாளால் மோதும் பொழுதுபோக்குக் குழுக்களைப் பார்ப்பவர்களும், தம்மை அறியாமலே, இதே முடிவின் ஏதோ ஒரு பாதியைத்தான் சொல்கிறார்கள். இடைக்காலச் சண்டை இப்படித்தான் முரட்டுத்தனமாக இருந்தது என்கிறார்கள் ஒரு சாரார். இதற்கும் இடைக்காலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டும் தவறு என்பது என் கருத்து. காஸில் விவரித்த சண்டை இருந்தது. அது போர்க்களத்தில் இல்லை, விளையாட்டுத் திடலில் இருந்தது.

முதலில் காஸில் எங்கே சறுக்கினார் என்று பார்க்கவேண்டும். தட்டுக் கவசத்தை வாளின் கூர்விளிம்பு வெட்டாது. இதை அக்கால ஆசான்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அறிந்ததால் கவசப் போருக்கெனத் தனி வித்தையே வகுத்தார்கள். இத்தாலிய ஆசான் ஃபியோரே தெய் லிபெரியின் நூலில் கவசம் அணிந்தவனுக்கான வாட்பகுதி தனியாக இருக்கிறது. அதில் இடக்கை வாளின் நடு அலகைப் பற்றுகிறது. வாள் ஒரு குட்டை ஈட்டியாகிறது. குறி வைப்பதெல்லாம் இடுக்குகளைத்தான்: அக்குள், முழங்கையின் உள்மடிப்பு, உள்ளங்கை, முகமூடியின் கண்பிளவு. ஜெர்மன் மரபில் 1452ஆம் ஆண்டிட்ட ரோம் கையெழுத்துப்படியும் இதே அரைவாள் பிடியைக் கற்பிக்கிறது. ஆக, கவசம் நுட்பத்தைக் கொல்லவில்லை. அதை விளிம்பிலிருந்து முனைக்கும், வீச்சிலிருந்து மற்போருக்கும் இடம் மாற்றியது. காஸிலைக் குறை சொல்லும்போது ஒரு நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். ஃபியோரே நூலின் பிசானி தோஸ்ஸி கையெழுத்துப்படியை நோவாத்தி பதிப்பித்தது 1902இல்தான். காஸில் எழுதியபோது அந்தப் பதிப்பு இல்லை. அந்தப் படியின் காலமும் பிடிகொடுக்காத ஒன்று. அதில் 1409 பிப்ரவரி 10 என்று இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தை எந்த ஊர் வழக்கப்படி எண்ணுவது என்பதைப் பொறுத்து அதை 1410 என்றும் கொள்ளலாம். மற்றப் படிகள் இதற்கு முந்தியவையா பிந்தியவையா என்பதும் முடியாத வழக்கு. என் வாதம் இந்த ஓராண்டைச் சார்ந்து நிற்கவில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிடுகிறேன்.

காஸில் தரப்பில் வலுவான ஒரு மறுப்பு உண்டு. அது ஃபியோரேயின் வாயிலிருந்தே வருகிறது. அவர் நூலின் இன்னொரு கையெழுத்துப்படியான கெட்டி படியின் முன்னுரையில், கவசமின்றிக் கூர்வாளோடு ஒருமுறை நிற்பதைவிடக் கவசத்தோடு மூன்றுமுறை களமிறங்குவேன் என்ற பொருளில் அவர் எழுதுகிறார். கவசம் அணிந்தவன் பல அடிகள் வாங்கிய பின்னும் வெல்லலாம். அணியாதவனுக்கு ஒரு தடுப்பு தவறினால் சாவு. இதைக் கவசம் திறமையின்மையை மன்னிக்கிறது என்று படிக்கலாம்தான். ஆனால் அவர் பேசுவது ஆபத்தின் அளவைப் பற்றி. வித்தையின் அளவைப் பற்றியன்று. வீச்சு வீணாகிவிட்ட சண்டையை வேறு எதனால் முடிப்பது என்ற கேள்வியை அவர் நூல் எதிர்கொண்ட விதமே இதைக் காட்டுகிறது. கெட்டி படி வாளிலிருந்து தொடங்குவதில்லை, மற்போரிலிருந்து தொடங்குகிறது.

அப்படியானால் கவசத்தின்மீது ஓங்கி அடிக்கும் சண்டை எங்கே இருந்தது? ஆஞ்சு கோமகன் ரெனே 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி எழுதிய போர்விளையாட்டு நூலில் விடை இருக்கிறது. அங்கே வாள் மழுங்கல். முகமூடியின் கண்வழியே நுழையாதபடி நான்கு விரல் அகலம், விளிம்போ ஒரு விரல் தடிமன். தோளிலும் கையிலும் அடி விழும் என்பதால் உள்ளங்கியில் அங்கெல்லாம் மூன்று விரல் கனத்துக்குப் பஞ்சு. குத்தக்கூடாது, இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது உறுதிமொழி. ஃபியோரே கவசப் போரில் எதை நம்பினாரோ அதையே, அதாவது முனையை, இந்த விளையாட்டு விலக்கிவைக்கிறது. காஸில் வரைந்த சித்திரத்துக்கு இதைவிடப் பொருந்தும் காட்சி இல்லை. நுட்பம் தெரியாததால் இவர்கள் அப்படிச் சண்டையிடவில்லை. அப்படி ஒப்பந்தம் செய்துகொண்டதால் சண்டையிட்டார்கள்.

இந்த ஒப்பந்தம் ரெனேயோடு தொடங்கவில்லை என்பதற்கு என் முதன்மைச் சான்று ஒரு கொள்முதல் பட்டியல். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் ஆறாம் ஆட்சியாண்டில் வின்ட்சர் பூங்காவில் நடக்கவிருந்த போர்விளையாட்டுக்காக வாங்கிய பொருள்களின் சுருள் அது. வழக்கமாக 1278 என்கிறார்கள்; ஆட்சியாண்டுக் கணக்குப்படி 1277 நவம்பர் 20 முதல் அடுத்த நவம்பர் 19 வரை எதுவும் அடங்கும். ‘ஆர்க்கியலாஜியா’ இதழின் 17ஆம் தொகுதியில் சாமுவேல் லைசன்ஸ் அதை 1814இல் அச்சிட்டார். காஸிலின் நூலுக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பு. முப்பத்தெட்டுப் பேருக்குக் கவசம் வாங்கியிருக்கிறார்கள். இரும்பில் அல்ல, பதமிட்டு இறுக்கிய தோலில். வாள்கள் திமிங்கில ‘எலும்பாலும்’ தோல்தாளாலும் ஆனவை. அலகில் வெள்ளிப் பூச்சு, பிடியில் பொன் பூச்சு. எலும்பு என்று பெயரே தவிர, அது திமிங்கிலத்தின் மேல்தாடையில் சல்லடைபோலத் தொங்கும் தகடு; நகமும் கொம்பும் எதனால் ஆனவையோ அதனால் ஆனது. வளையும், நிமிரும், இரும்பைவிட மிக இலேசு. தோல்தாள் தகடுகளைச் சேர்த்துக் கட்டவா, மேலே போர்த்தவா என்பதைப் பட்டியல் சொல்லவில்லை. எப்படியானாலும் அந்த வெள்ளிப் பூச்சு கவனிக்கத்தக்கது. பயிற்சிக் கழி மட்டும் வேண்டுமென்றால் வெள்ளி எதற்கு? பார்ப்பவருக்கு அது எஃகாகத் தெரியவேண்டும். படுபவருக்கு எஃகாக இருக்கக்கூடாது. ஒற்றைச் சுருளின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். அது அரிய விதிவிலக்காகவும் இருக்கலாம். ஆனால் முப்பத்தெட்டு ஒரேவகைத் தொகுதிகளை ஒரு தையல்காரர் பொறுப்பில் வாங்கவைக்கும் ஏற்பாடு, இன்னது வேண்டும் என்று முன்பே தெரிந்தவர்களின் ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது.

இனி பிரம்பு. 1966 மே 1 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டின் பின்கட்டில் நடந்த விழாவிலிருந்து வளர்ந்தது, தொடக்கத்தில் சொன்ன பிரம்பு வாள் குழுக்களில் ஒன்றான சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம். அதன் கவசப் போரில் வாள் என்பது ஒன்றேகால் அங்குலக் குறுக்களவுக்குக் குறையாத பிரம்பு. பட்ட அடி போதிய வலுவோடு பட்டதா என்பதை அடிபட்டவரே சொல்லவேண்டும். அவ்விதிகளில் ஓர் ஏற்பாடு வின்ட்சர் வெள்ளிப் பூச்சுக்கு நிகரானது. போராளி உண்மையில் எதை அணிந்திருந்தாலும், பஞ்சு உள்ளங்கியின்மேல் வளையக் கவசமும், கைகால்களில் இறுக்கிய தோலும், மூக்குத் தகடு மட்டுமுள்ள திறந்த முகத் தலைக்கவசமும் அணிந்திருப்பதாகவே கொள்ளவேண்டும். பாதுகாப்புக்காக நிஜத்தில் அவர் முகத்தின் குறுக்கே கம்பிச் சட்டம் இருக்கிறது; விதியின் கண்ணுக்கு அந்த முகம் திறந்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டுத் தட்டுக் கவசத்தில் வருபவரும் 11ஆம் நூற்றாண்டு நார்மன் வீரராகவே சாகிறார்.

இதெல்லாம் உயிர்ச்சேதம் தவிர்க்க வகுத்த விதிதானே, இதில் வரலாறு தேடுவானேன் என்பது எதிர்பார்க்கத்தக்க கேள்வி. முழங்காலுக்குக் கீழே அடிக்காதே என்பது பாதுகாப்பு விதி. கம்பிச் சட்டமும் அப்படியே. ஆனால் இருக்கும் கவசத்தை இல்லாததாகக் கொள் என்பதால் யாருடைய எலும்பும் தப்புவதில்லை. தட்டுக் கவசத்தை வீச்சு வெல்லாது என்ற உண்மையை ஏற்று, வீச்சு வெல்லவேண்டும் என்பதற்காகக் கவசத்தைக் கற்பனையில் கழற்றும் ஏற்பாடு அது. காஸிலின் கோட்பாடு சரியாக இருந்திருந்தால் இந்த விதிக்கே வேலையில்லை. வகுத்தவர்கள் இப்படி நினைத்துத்தான் வகுத்தார்கள் என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. விதியின் போக்கிலிருந்து நான் ஊகிப்பது இது. வின்ட்சருக்கும் பெர்க்லிக்கும் இடையே தொடர்ந்த மரபு எதுவும் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1839இல் மழையில் நனைந்த எக்லின்டன் போர்விளையாட்டு விழாவை அந்த இடைவெளியில் செருகிப் பாலம் கட்டுவோர் உண்டு. அது குதிரைமேல் ஈட்டியோட்டமாகவே நினைவுகூரப்படுவது, இங்கே உதவாது. நான் சொல்வது வம்சாவளியை அல்ல, வகையை.

2010இல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் தொடங்கிய பேட்டில் ஆஃப் த நேஷன்ஸ் போட்டி இதற்கு மறுதலைச் சோதனைபோல அமைந்திருக்கிறது. அங்கே கற்பனைக் கவசம் இல்லை. எஃகின்மேல் மழுங்கிய எஃகு. குத்துக்குத் தடை உண்டு. அடிகள் எண்ணப்படாத அணிச் சண்டையில் கால் தவிர உடலின் வேறொரு பகுதி தரையைத் தொட்டவர் வெளியேறுகிறார். விளைவு, வாள் கையிலிருந்தும் ஆட்டம் மற்போரை நோக்கிச் சாய்கிறது. கவசத்தை மெய்யாக ஏற்றால் ஃபியோரே தொடங்கிய இடத்துக்கே வரவேண்டியிருக்கிறது. வாள் வீச்சாக வேண்டுமென்றால் கவசத்தைப் பற்றி ஓர் உடன்பாடு வேண்டியிருக்கிறது. வின்ட்சரின் முப்பத்தெட்டுப் பேருக்கிடையே அந்த உடன்பாடு என்னவாக இருந்தது, வெள்ளி பூசிய தகடு தோல் கவசத்தில் பட்டபோது அதை அடியென்று யார் சொன்னார் என்பதற்குக் கொள்முதல் சுருளில் ஒரு வரியும் இல்லை. அதை எழுதியவரின் கவலை விலை மட்டுமே.