பிணைந்து பிறந்தோர்

இரட்டை வாழைப்பழத்தைக் கருவுற்ற பெண் உண்ணலாகாது என்பர் நம் இல்லங்களில். உண்டால், ஒட்டிய பிள்ளைகள் பிறக்குமாம்! கேட்டுச் சிரித்துவிட்டுச் செல்ல நம்மால் இயலவில்லை. அந்தப் பேச்சின் அடியிலே ஒரு குற்றச்சாட்டுப் பதுங்கியிருக்கிறது — பிள்ளை அவ்விதம் பிறந்தால், பிழை தாயினுடையது என்னும் குற்றச்சாட்டு.

மேனாட்டாரும் இதில் இளைத்தவரல்லர். பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, 1573-ம் ஆண்டு, இயல்புக்கு மாறான பிறவிகள் குறித்து நூலொன்று வெளியிட்டார். காரணங்களை அடுக்கினார். முதலாவது, கடவுளின் மகிமை. இரண்டாவது, கடவுளின் சினம்! தாயின் மனக்கற்பனை, அவள் அமர்ந்த முறை — இவையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. போர்க்களத்தில் புண்ணாற்றிய பேரறிஞரே இப்படி எழுதினார் எனில், பாமரரைப் பழித்துப் பயன் என்ன?

1811-ம் ஆண்டு சயாம் நாட்டிலே சாங், எங் எனும் உடன்பிறப்புகள் தோன்றினர். மார்பெலும்பின் கீழ்முனையருகே ஒரு தசைப்பட்டை இருவரையும் பிணைத்திருந்தது. 1829-ல் அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டனர் — கல்வி கற்கவா? இல்லை, காசு வாங்கிக் காட்டுவதற்கு! 1832-ல், 21-ம் அகவையில், அந்தத் தளையை உதறினர். தம் உழைப்பின் ஊதியத்தைத் தாமே பெற்றனர். 1839-ல் வட கரோலினாவில் குடியேறினர். 1843-ல் அக்காள் தங்கை இருவரை மணந்தனர். இருவருக்குமாக 20-க்கும் மேற்பட்ட மக்கள் பிறந்தனர். காட்சிப் பொருளாய்க் கண்ணீர் கண்ட அவர்களே, பின்னாளில் கறுப்பின மக்களை அடிமைகளாய் வைத்திருந்தனர் என்பதையும் நாம் மறைத்தல் தகாது.

இவர்களைப் பிரித்தால் பிழைப்பரா? மருத்துவர் பலர் ஆராய்ந்தனர். கத்தியை எடுக்க அஞ்சினர். பட்டையின் உள்ளே இருப்பது என்ன என்று எவர் கண்டார்? எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டதே 1895-ல் அன்றோ!

1874, சனவரித் திங்கள். ஓரிரவு சாங் மாண்டார். கண்விழித்த எங், தம்மோடு பிணைந்திருந்த பிணத்தைக் கண்டார். சில மணி நேரத்தில் அவர் உயிரும் பிரிந்தது. பிலடெல்பியா மருத்துவர்கள் உடல்களை ஆய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது: இருவரின் ஈரலும் அப்பட்டையின் வழியே இணைந்திருந்தன. 62 ஆண்டுகள் வாழ்ந்தோரைப் பற்றிய விடை, அவர்கள் மறைந்த பிறகே கிட்டிற்று!

இன்றோ, கருப்பையில் இருக்கும்போதே ஒலியலைப் படம் காட்டிவிடுகிறது. கருவுற்ற ஒரே முட்டை, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழிந்தபின் பிரியத் தொடங்கி, முழுமையாகப் பிரியாது நின்றுவிடுவதே காரணம் என்பர் அறிஞருள் பெரும்பாலோர். இணைந்தவை தொடக்கத்தில் தனித்தனியே இருந்தவை என்பாரும் உளர். வாழைப்பழம் என்பார் அவருள் எவருமிலர்! வெட்டினாலும் மீண்டும் வளரும் இயல்புடையது ஈரல். ஆகவே, ஈரலால் மட்டும் இணைந்தோரைப் பிரித்து, இருவரையும் வாழவைக்க முடிகிறது. இருவருக்கும் ஒரே இதயம் எனில், ஒருவரைக் காக்க மற்றவரை இழப்பதா என்னும் கொடிய கேள்வி எழுகிறது. அதற்கு எளிய விடை எவரிடமும் இல்லை.

ஆயினும் ஒன்று உறுதி. அந்தக் கேள்வியைச் சுமந்து நிற்கும் தாயின் தலையில், பழியையும் ஏற்றிவைக்க எவருக்கும் உரிமையில்லை. அவளுக்கு வேண்டுவது மருத்துவரின் அறிவும் நம் அன்புமே!