‘நிலைபெற்ற பிறகு’: ஒரு நிபந்தனைச் சொல்லின் வரலாறு

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பற்றிப் பேசும்போது நம்மிடையே வழங்கும் தொடர் ஒன்று உண்டு: ‘பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.’ இதில் பெட்டி வெளிப்படையாக இருக்கிறது; வைத்தவர்கள் வினைமுற்றின் விகுதியில் இருக்கிறார்கள்; குழந்தை செயப்படுபொருளாகத் தொக்கி நிற்கிறது. தாய்க்கு மட்டும் இடமில்லை. பெற்றவளின் இந்த இன்மை இயற்கையானதன்று. அதற்கு ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு உண்டு.

கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியைப் பாரிஸ் உயிரியல் பூங்காவில் கண்ட மகப்பேறு மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, அதைப் போன்ற வெப்பப் பெட்டி ஒன்றைச் செய்வித்து 1880இல் அந்நகரின் மகப்பேறு மருத்துவமனையில் நிறுவினார். 2 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தைகளின் இறப்பு 66 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாகக் குறைந்தது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அதற்கான விலையை முதலில் கவனித்தவரும் அவருடைய மரபில் வந்த மருத்துவரே. பிரிக்கப்பட்ட தாய்மார் நாளடைவில் குழந்தையின்பால் நாட்டமிழப்பதைக் கண்ட பியேர் புதேன், தாய்மார் வந்து பார்ப்பதையும் பாலூட்டுவதையும் ஊக்குவித்தார். அவருடைய எச்சரிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. தொற்று குறித்த அச்சம் வலுத்த 20ஆம் நூற்றாண்டு மருத்துவமனைகளில், குறைமாதக் குழந்தைகளின் அறைக்குள் செல்லும் உரிமை செவிலியருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியதாயிற்று.

இப்பிரிவை முதலில் அசைத்தது கொள்கையன்று, நெருக்கடி. கொலம்பியாவின் தலைநகர் பொகொதாவிலிருந்த தாய் சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் கிடந்தன, தொற்று பரவியது, கைவிடப்படும் குழந்தைகளும் மிகுந்தன. 1978இல் எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர், எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்ந்த நிலையில் சேர்த்துக் கட்டி, தாய்ப்பாலையே முதன்மை உணவாக்கி, விரைவில் வீட்டுக்கு அனுப்பித் தொடர்ந்து கண்காணிக்கும் முறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு எக்தோர் மார்த்தினெஸ் அவருடன் இணைந்தார். முழு வளர்ச்சியின்றிப் பிறந்து தாயின் வயிற்றுப் பையில் வளரும் கங்காருக் குட்டியின் பெயரே இம்முறைக்கும் நிலைத்தது.

இதனை ‘ஏழை நாட்டின் எளிய மாற்று’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அங்கே நிறுத்தினால் வரலாற்றின் முக்கியப் பகுதி விடுபட்டுப்போகும். தொடக்க கால வெற்றிச் செய்திகளை 1985இல் லான்செட் இதழில் வைட்லாவும் ஸ்லீத்தும் கேள்விக்குட்படுத்தினர். பொகொதா முறையில் சேர்க்கப்பட்டவை பிறந்தவுடன் நேரும் ஆபத்தைக் கடந்துவந்த குழந்தைகள். முதல் நாட்களிலேயே இறந்தவை அக்கணக்கில் இல்லை. விமர்சனம் நியாயமானதே. 1990களில் அதே நகரில் நதாலி ஷார்பாக் குழுவினர் நடத்திய ஒப்பீட்டு ஆய்வும் பிற ஆய்வுகளும் இம்முறைக்கு உறுதியான சான்றளித்தன. எனினும் ஒரு நிபந்தனை மட்டும் மாறவில்லை: குழந்தை ‘நிலைபெற்ற பிறகு’. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரையிலும் அதுவே இருந்தது.

பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்ட இச்சொல் நடைமுறையில் ஒரு கதவாக நின்றது. எடை மிகக் குறைந்த குழந்தைகளில் பல, நிலைபெறுவதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. அதாவது, தாயின் அணைப்பு எக்குழந்தைகளுக்கு மிகுதியும் தேவைப்பட்டிருக்கக்கூடுமோ அவற்றுக்கே அது மறுக்கப்பட்டது.

அக்கதவைத் திறந்து பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில், 1 கிலோ முதல் 1.799 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். இந்தியக் களம் புது தில்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு பிரிவினருக்கு வழக்கப்படி நிலைபெற்ற பிறகு அணைப்பு. மற்றப் பிரிவினருக்குப் பிறந்தவுடனேயே. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டாம் பிரிவுக் குழந்தைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் அணைப்பிலிருந்தன. முதற்பிரிவினவோ ஒன்றரை மணி நேரமே. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 15.7 விழுக்காடு, உடனடி அணைப்பில் 12 விழுக்காடு. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இங்கே நுணுகி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. உடனடி அணைப்புக்காகத் தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே இட வேண்டியிருந்தது. ஆகவே தோலோடு தோல் சேர்ந்ததன் பயனையும், தாய் எந்நேரமும் அருகிருந்ததன் பயனையும் இந்த ஆய்வைக் கொண்டு தனித்தனியே பிரிக்க இயலாது. இது குறையன்று, ஒருவகையில் இதுவே கண்டடைதல். மாறியது சிகிச்சை மட்டுமன்று, அறையின் அமைப்பும்.

2022இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. தானே மூச்சுவிட இயலாத, அதிர்ச்சி நிலையிலுள்ள, செயற்கைச் சுவாசம் தேவைப்படும் குழந்தைகள் தவிர, மற்றக் குறைமாத, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இயன்ற விரைவில் இம்முறையைத் தொடங்க வேண்டும் என்பது இன்றைய நிலை. ‘நிலைபெற்ற பிறகு’ என்பது ஏட்டிலிருந்து அகன்றுவிட்டது. தாய்க்கு உள்ளே கட்டில் இடாத சிகிச்சைப் பிரிவுகளில் அது இன்னும் சுவராகவே நிற்கிறது.

இன்னொரு சொல்லும் மறுபரிசீலனைக்குரியது. ‘கங்காரு தாய் பராமரிப்பு’ என்று பெயரிலேயே தாயை மட்டும் சுட்டுகிறோம். 2021 ஆய்வில் தாய்க்கு மாற்றாக உறவினரும் குழந்தையை அணைத்திருக்க இடமிருந்தது. தந்தையின் மார்பும் அதே வெப்பம் உடையதுதான். தாயை வெளியே நிறுத்திய ஒரு சொல்லை நீக்க நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. தந்தையை வெளியே நிறுத்தும் சொல்லுக்கும் அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை.